அகாஸாவிடம் மிஞ்சிய பாதி வாக்கு

'டீமன் ஸ்லேயர்' என்ற ஜப்பானிய அனிமேஷன் படத்தைப் பற்றி வந்த கேள்வி இதுதான்: "ரெங்கோகுவைக் கொன்றவன் அகாஸா. அவனுக்காகத் தியேட்டரில் பாதிப் பேர் மூக்கை உறிஞ்சுகிறார்கள். கடைசி நேரத்தில் ஒரு சோக ஃபிளாஷ்பேக்கை ஓட்டிவிட்டால் வில்லன் நல்லவனாகி விடுவானா? இது ஏமாற்று வேலை இல்லையா?"

ஏமாற்று வேலை என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். படத்துக்கு மூலமான மங்காவை, அதாவது ஜப்பானியப் படக்கதையை, இரண்டாம் முறை புரட்டிய பிறகு மாற்றிக்கொண்டேன். ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் நீளும். முழுக் கதையையும் உடைத்துத்தான் சொல்லியாக வேண்டும், படம் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள்.

பெயர் மட்டும் கேள்விப்பட்டவர்களுக்கு ஒரு முன்கதை. 'டீமன் ஸ்லேயர்' என்று நாம் சொல்லும் 'கிமெட்சு நோ யாய்பா', கொயோஹாரு கொதோகே எழுதி வரைந்த மங்கா. 2016 முதல் 2020 வரை ஜப்பானிய வார இதழ் ஒன்றில் வந்து, 205 அத்தியாயங்களில், 23 தொகுதிகளில் முடிந்துவிட்டது. கதை நடப்பது தைஷோ காலம், அதாவது 1912 முதல் 1926 வரையிலான ஜப்பான். மனிதர்களைத் தின்று வாழும் அரக்கர்கள், அவர்களுக்கெல்லாம் மூலவனான முஸான், அவர்களை வேட்டையாடும் வாள்வீரர்கள். முஸானுக்கு அடுத்த நிலையில் 'அப்பர் மூன்' என்று ஆறு பேர் உண்டு. அதில் மூன்றாமிடம் அகாஸாவுக்கு. ஆயுதமே தொடமாட்டான். கையும் காலும்தான். 2020 அக்டோபரில் ஜப்பானில் வந்த 'முகென் ரயில்' படத்தின் கடைசியில் எங்கிருந்தோ வந்து குதித்து, வாள்வீரன் ரெங்கோகுவின் உயிரை வாங்கிவிட்டு ஓடிப்போனான். 2025 ஜூலையில் வந்த 'இன்ஃபினிட்டி கேஸில்' முதல் பாகத்துக்குத் துணைத்தலைப்பே 'அகாஸா மீண்டும் வருகிறான்' என்பதுதான். செப்டம்பர் 12 அன்று தமிழ் டப்பிங்கோடு நம் ஊர் தியேட்டர்களுக்கும் வந்தது. நான் தம்பியோடு போனேன். அவன் ரெங்கோகு கட்சி. அகாஸா சாவதைப் பார்க்க டிக்கெட் எடுத்தவன்.

முதலில் அந்த ரயில் சண்டைக்குப் போவோம், ஏனென்றால் எல்லாமே அங்கேயே இருக்கிறது. அகாஸா வந்து இறங்கியதும் முதல் குத்து யாருக்கு? எதிரே வாளோடு நிற்கும் ரெங்கோகுவுக்கு இல்லை. வயிற்றில் காயத்தோடு தரையில் கிடக்கும் கதாநாயகச் சிறுவன் தஞ்சிரோவின் தலைக்கு. ஏன் அடிபட்டவனை அடிக்கிறாய் என்று ரெங்கோகு கேட்டால், நாம் பேசுவதற்கு இவன் இடைஞ்சல் என்கிறான். அதற்கப்புறம் பேச்சு முழுக்க ஒரே பாட்டுதான்: நீ பலசாலி, ஆனால் மனிதன், கிழவனாவாய், சாவாய், அரக்கனாகிவிடு, நூறு வருஷம் இருநூறு வருஷம் என்று நாம் இருவரும் மோதி மோதி வளரலாம். ரெங்கோகு மசியவில்லை. மூப்பும் சாவும் இருப்பதால்தான் மனிதப் பிறவி அழகு, பலம் என்பது உடம்புக்கு மட்டும் சொல்லும் சொல் இல்லை, இந்தச் சிறுவன் பலவீனன் இல்லை என்கிறான்.

இந்த இடத்தில் எனக்கு முதல் தடவையே ஒன்று உறுத்தியது. பலவீனமானவர்களை அகாஸா அலட்சியம் செய்வதில்லை, வெறுக்கிறான். பார்த்தாலே குமட்டுகிறது என்கிற அளவுக்கு. எறும்பைப் பார்த்து யானைக்குக் கோபம் வருமா? உண்மையிலேயே பலத்தில் திளைக்கிறவன் பலமில்லாதவனைக் கண்டுகொள்ளவே மாட்டான். இவ்வளவு எரிச்சல் வருகிறதென்றால் அதில் சொந்தக் கணக்கு ஏதோ இருக்கிறது. அந்தக் கணக்கு என்னவென்று சொல்ல கொதோகே 90 அத்தியாயங்களுக்கு மேல் எடுத்துக்கொண்டார்.

அகாஸா மனிதனாக இருந்தபோது அவன் பெயர் ஹகுஜி. ஷோகன் எனப்படும் ராணுவத் தலைவர்கள் ஆண்ட 'எதோ' (Edo) காலத்துச் சிறுவன், 11 வயது. அப்பா படுத்த படுக்கை. மருந்து வாங்கக் காசில்லை, எனவே ஜேப்படி. பிடிபடும்போதெல்லாம் கசையடி, கையில் பச்சை குத்துவார்கள். மணிக்கட்டில் வளையம் வளையமாக மூன்று கோடுகள். இது கதைக்காகப் புனைந்த தண்டனை இல்லை. 1720-இல் ஷோகன் தொகுகவா யோஷிமுனே, மூக்கையும் காதையும் அறுக்கும் பழைய தண்டனைக்குப் பதிலாகக் கொண்டுவந்ததுதான் இந்தப் பச்சை குத்தல். கையைப் பார்த்தாலே திருடன் என்று ஊருக்குத் தெரிந்துவிடும், வேலை கிடைக்காது, மறுபடி திருட வேண்டியதுதான். சட்டமே ஆளைத் திரும்பத் திரும்ப அந்தக் குழிக்குள் தள்ளும். பையனோ அடிக்கு அஞ்சுகிற ஆள் இல்லை. பெரியவர்களே மயங்கி விழும் நூறு அடியை வாங்கிவிட்டு அதிகாரியைப் பார்த்து முறைக்கிறான். அப்பா பிழைத்தால் போதும் அவனுக்கு.

அப்பா தூக்குப் போட்டுக்கொள்கிறார். ஒழுங்காக வாழ், இன்னும் காலம் கடந்துவிடவில்லை, அடுத்தவரிடமிருந்து பிடுங்கி நான் உயிர்வாழ வேண்டாம் என்று ஒரு கடிதம். அந்த நேரத்தில் ஹகுஜி வீட்டில் இல்லை. தண்டனை வாங்கிக்கொண்டிருந்தான். இதை நினைவில் வையுங்கள்.

ஊரைவிட்டுத் துரத்தப்பட்டவன், வேறோர் ஊரில் ஏழு பெரிய ஆட்களை வெறுங்கையால் அடித்துப் போட்டுவிட்டு நிற்கும்போது கெய்ஸோ வருகிறார். 'சோரியூ' என்ற சண்டைக்கலையின் ஆசான். 'சோ' என்றால் எதுவும் சேராதது, வெறுமையானது. வெறுங்கைக் கலை என்று வைத்துக்கொள்ளலாம். வாள்தான் கௌரவம் என்றிருந்த காலத்தில் வெறுங்கையால் குத்தக் கற்றுக்கொள்ள யார் வருவார்கள்? ஒரு சீடன்கூட இல்லை. (நான் பள்ளி நாட்களில் ஏழு வருஷம் கராத்தே போனவன் என்பதால் ஓர் இடைச்செருகல்: நாம் அறிந்த கராத்தே ஒகினாவாத் தீவின் சொத்து. ஃபுனகோஷி கிச்சின் தோக்கியோவில் அதைச் செய்துகாட்டியது 1922-இல்தான். ஆகவே 'எதோ' காலத்தில் இப்படிக் குத்தையே நம்பி நிற்கும் ஒரு பள்ளி நிஜத்திலும் விசித்திரப் பிறவியாகத்தான் இருந்திருக்கும்.) கெய்ஸோ சிரித்துக்கொண்டே பையனை அடித்து மயக்கம் போட வைத்து, தூக்கிக்கொண்டு போகிறார். என்ன வேலை என்று பார்த்தால், நோயாளி மகளைக் கவனித்துக்கொள்ள வேண்டும். நான் குற்றவாளி, என்னை நம்பி மகளை விட்டுவிட்டுப் போகலாமா என்று ஹகுஜி கேட்கிறான். குற்றவாளியான உன்னைத்தான் சற்று முன் அடித்துத் தீர்த்துவிட்டேனே, கவலையில்லை என்கிறார் அவர்.

கொயுகி என்பது அந்தப் பெண்ணின் பெயர். காதல், பனி என்ற இரண்டு எழுத்துகள் சேர்ந்த பெயர். அம்மா, மகள் சாவதைப் பார்க்கச் சகிக்காமல் நீரில் மூழ்கி உயிரை விட்டவள். அப்பா வயிற்றுப்பாட்டுக்காக வெளியே கிடைத்த வேலையெல்லாம் செய்கிறவர். நாள் முழுக்கப் பாயில் கிடக்கும் அவளுக்கு நெற்றித் துணி மாற்றுவது, இரவில் தண்ணீர் கொடுப்பது, கழிப்பறை வரை தூக்கிக்கொண்டு போவது எல்லாம் ஹகுஜிதான். அவள் சும்மா சும்மா மன்னிப்புக் கேட்பாள், அழுவாள். அதைப் பார்த்து அவன் மனதுக்குள் நினைக்கும் ஒன்றுதான் என்னை இந்தப் பாத்திரத்தின் பக்கம் இழுத்தது: நோயில் கிடப்பவர்கள் ஏன் எப்போதும் மன்னிப்பே கேட்கிறார்கள்? சிரமம் கொடுத்துவிட்டேன் மன்னித்துவிடு, இருமல் தூங்கவிடாது மன்னித்துவிடு, வேலைக்குப் போக முடியவில்லை மன்னித்துவிடு. அவனுடைய அப்பாவும் அப்படித்தான். நல்லபடி மூச்சு விட முடிந்தால் போதும் என்று தவிப்பவர்கள் அவர்கள்தானே, அதிகம் கஷ்டப்படுகிறவர்களும் அவர்கள்தானே.

வீட்டில் யாருக்காவது நீண்ட நாள் பணிவிடை செய்தவர்களுக்கு இது புரியும். எங்கள் பாட்டி கடைசி ஏழெட்டு மாதம் படுக்கையில் இருந்தார். டம்ளரை வாயில் வைக்கும்போதெல்லாம் "உனக்குத் தொந்தரவு குடுக்கிறேன்டா" என்பார். என்ன பதில் சொல்வதென்று எனக்குக் கடைசி வரை தெரியவில்லை. ஹகுஜி என்ன சொன்னான் தெரியுமா? வாணவேடிக்கை நடக்கும் இரவு, நீங்களாவது போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள் என்று அவள் அழுகிறாள். தலைசுற்றல் நின்றால் பாலம் வரை முதுகில் தூக்கிப் போகிறேன், இன்று முடியாவிட்டால் அடுத்த வருஷமோ அதற்கடுத்த வருஷமோ பார்த்தால் போயிற்று என்கிறான், சாதாரணமாக. அவன் ஆறுதலுக்குச் சொல்லவே இல்லை. ஆனால் அந்த வீட்டில் 'அடுத்த வருஷம்' என்று யாருமே அதுவரை சொன்னதில்லை. அம்மா நம்பிக்கை இழந்து போய்விட்டாள், அப்பாவும் உள்ளுக்குள் தயாராகிவிட்டார், அவளுக்கே தனக்கு ஓர் அடுத்த வருஷம் உண்டென்று தோன்றியதில்லை. இந்த ஒருவன் மட்டும் அதை நாளைக்குக் காய்கறி வாங்குவது மாதிரிப் பேசிவிட்டான்.

அவள் தேறுகிறாள். ஹகுஜிக்கு 18, அவளுக்கு 16 ஆகும்போது கெய்ஸோ அவனைக் கூப்பிட்டுப் பள்ளியை எடுத்துக்கொள், மகளுக்கும் உன்னைப் பிடித்திருக்கிறது என்கிறார். பிறகு வாணவேடிக்கையின் கீழே அவள், அடுத்த வருஷம் என்று சொன்னது நினைவிருக்கிறதா என்று கேட்டு, என்னைக் கட்டிக்கொள்வீர்களா என்கிறாள். அவன் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு வாக்குக் கொடுக்கிறான்: யாரைவிடவும் பலசாலியாகி, ஆயுள் முழுக்க உங்களைக் காப்பேன்.

இந்த வாக்கு இரண்டு பாதிகளால் ஆனது. முன்பாதி, பலசாலியாவேன். பின்பாதி, காப்பேன். அகாஸா என்ற பாத்திரம் மொத்தமும் இதில்தான் இருக்கிறது என்பது என் கட்சி. பின்பாதியைப் பறிகொடுத்துவிட்டு முன்பாதியை மட்டும் பிடித்துக்கொண்டு நூறு வருஷத்துக்கு மேல் ஓடியவன் அவன்.

எப்படிப் பறிகொடுத்தான் என்பதைக் கதை அவசரமாகத்தான் சொல்கிறது, நானும் அப்படியே சொல்லிவிடுகிறேன். நிச்சயமானதை அப்பாவின் கல்லறையில் சொல்லிவிட்டு வருகிறேன் என்று போகிறான். அந்தப் பள்ளி நிலத்தின் மேல் பக்கத்து வாள் பள்ளிக்காரர்களுக்கு வெகுநாளாக ஒரு கண். கெய்ஸோவையும் ஹகுஜியையும் நேருக்கு நேர் அடிக்கத் திராணியில்லாதவர்கள். கிணற்றில் விஷத்தைப் போட்டார்கள். அவன் திரும்பி வரும்போது ஆசானும் போய்விட்டார், கொயுகியும் போய்விட்டாள். இரண்டாம் முறையும் அவன் அங்கே இல்லை. காவல் காப்பதற்கென்றே பிறந்தவன், காக்க வேண்டிய நிமிஷத்தில் இரண்டு தடவையும் வெளியே போயிருக்கிறான்.

அன்றிரவு வாள் பள்ளியின் 67 பேரையும் வெறுங்கையால் கொன்றான். மனிதனாக இருக்கும்போதே. இந்த ஒரு வரியைத்தான் 'பாவம், அவனை அரக்கனாக்கிவிட்டார்கள்' என்று அழுகிறவர்கள் மறந்துவிடுகிறார்கள். முஸான் அங்கே வந்ததே, தான் அரக்கன் யாரையும் நிறுத்தாத இடத்தில் அரக்கன் வந்ததாகக் கலவரம் ஏன் என்று பார்க்கத்தான். வந்து பார்த்தால் ரத்தத்தில் குளித்த ஒரு மனிதப் பையன். எல்லாமே எப்படியோ போகட்டும் என்ற நிலையில் இருந்தவனின் தலைக்குள் கையைச் செருகித் தன் ரத்தத்தைக் கொடுத்தான். அதோடு நினைவும் போயிற்று. அரக்கன் என்ற பெயரைத்தான் முஸான் பிறகு வைத்தான், வேலை ஏற்கெனவே முடிந்திருந்தது.

பெயர் என்றதும் நினைவுக்கு வருகிறது. ஹகுஜி என்ற பெயரின் முதல் எழுத்து, ஜப்பானியக் கோயில் வாசலில் இரண்டு பக்கமும் உட்கார்ந்திருக்குமே, 'கொமாஇனு' என்ற காவல்நாய், அதன் எழுத்து. நம் கோயில்களில் துவாரபாலகர் நிற்கும் இடத்தில் அங்கே அது. இரண்டாம் எழுத்துக்கு ஆளுதல், நோய் தீர்த்தல் என்று இரண்டு பொருளும் உண்டு. காவல் காப்பதும் நோய் தீர்ப்பதும், பையன் செய்த வேலை இரண்டுமே பெயரிலேயே இருந்தன. கெய்ஸோவே ஒரு தடவை சிரித்துக்கொண்டு சொல்வார்: நீயும் என்னைப் போலத்தான், காக்க ஏதாவது இருந்தால்தான் உனக்கு உயிர், கோயில் காவல்நாய் மாதிரி. கோயில் போன பிறகு காவல்நாய்க்கு என்ன வேலை? மங்காவில் ஓர் அத்தியாயத்தின் தலைப்பே 'உதவாத காவல்நாய்' என்பதுதான்.

சரி, இனி 'கடைசியில் ஒட்டவைத்த ஃபிளாஷ்பேக்' என்ற குற்றச்சாட்டுக்கு வருகிறேன். ஒட்டவைத்ததாக இருந்தால் அதற்கு முன்னால் அதன் சுவடே இருந்திருக்கக் கூடாது. ஆனால் அகாஸாவின் உடம்பே அந்தச் சுவடுதான். மேலெல்லாம் ஓடும் நீலக் கோடுகள், மணிக்கட்டில் குத்திய திருடன் வளையங்கள் உடல் முழுக்கப் பரவியவை. சண்டை தொடங்கும்போது காலை ஊன்றி இடுப்பைத் தாழ்த்துவான், உடனே காலடியில் ஒரு வடிவம் விரியும். எதிரியின் சண்டைக் குணத்தைத் திசைகாட்டி போல மோப்பம் பிடிக்கும் வித்தை அது. வடிவம் என்ன? பனித்துகள். கொயுகியின் தலையில் இருந்த கொண்டை ஊசியின் வடிவம், அவள் பெயரில் உள்ள பனி. அவனுடைய அடிகளின் பெயர்களைப் பாருங்கள், 'கிரீடம்' என்று ஒன்று, 'ஆயிரம் வளையம்' என்று ஒன்று, 'வில்லோ மரம்' என்று ஒன்று வரும். மூன்றுமே ஜப்பானிய வாணவேடிக்கை வகைகளின் பெயர்கள். பெண்களைக் கொல்லமாட்டான், தின்னவும் மாட்டான். தோமா என்ற இன்னொரு அப்பர் மூன் இதை வைத்துக் கிண்டலே செய்வான். ஏன் தொடுவதில்லை என்று கேட்டால் அவனுக்கே காரணம் தெரிந்திருக்காது.

சித்திரமும் கைப்பழக்கம் என்பார்கள். நான் கராத்தே விட்டுப் பதினைந்து வருஷம் ஆகிறது. கட்டா என்ற பயிற்சி வரிசை ஒன்றின் பெயர்கூட மறந்துவிட்டது. ஆனால் யாராவது சட்டென்று முகத்துக்கு நேரே கையை ஓங்கினால் இடதுகை தானாக மேலே போய்விடுகிறது. அலுவலகத்தில் ஒருமுறை ஹை-ஃபைவ் கொடுக்க வந்த நண்பரின் கையைத் தட்டிவிட்டு அசடு வழிந்திருக்கிறேன். மண்டை மறந்ததைக் கை மறக்காது. அகாஸா என்பவன் மண்டையிலிருந்து எல்லாம் துடைக்கப்பட்ட பிறகும் கையும் காலும் மட்டும் துக்கம் காத்துக்கொண்டிருந்தவன். ஒவ்வொரு சண்டையிலும் அவன் கொயுகியின் ஊசி மேல் நின்று, அவளோடு பார்த்த வாணவேடிக்கையை எதிரியின் நெஞ்சில் வெடிக்கிறான். எதற்கென்று தெரியாமலே. கெய்ஸோ சொல்லிக்கொடுத்தது காக்கும் கை. அதே கைதான் ரெங்கோகுவின் உடம்பைத் துளைத்துக்கொண்டு போனது. அவன் வேறு கலை எதையும் கற்றுக்கொள்ளவே இல்லை.

இதைத் தெரிந்துகொண்டு அந்த ரயில் சண்டையைத் திரும்பப் பார்த்தால், அரக்கனாகிவிடு, சாகாதே என்று அவன் ரெங்கோகுவைக் கெஞ்சுகிற கெஞ்சலுக்கு வேறு நிறம் வந்துவிடுகிறது. எதிரே ஒரு நல்ல மனிதர், சிரித்த முகம், சிறுவர்களைக் காத்து நிற்கும் ஆசான். அவர் கண்முன் செத்துக்கொண்டிருக்கிறார். சாகாமல் இருக்க வழியிருக்கிறது என்கிறேன், ஏன் கேட்கமாட்டேன் என்கிறார்? இது என் ஊகம்தான், கொதோகே எங்கேயும் இப்படி எழுதவில்லை. ஆனால் அகிரா இஷிதா அந்த வசனங்களுக்குக் கொடுத்த குரலில் கோபத்தைவிடப் பதற்றம் அதிகம் என்று எனக்குப் படுகிறது. ஜப்பானிய ஒலியில் ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

இன்ஃபினிட்டி கேஸில் சண்டையில் அவனை வீழ்த்துவது வேகமோ பலமோ இல்லை. தஞ்சிரோ சண்டைக் குணமே இல்லாத ஒரு நிலைக்குப் போய்விடுகிறான். திசைகாட்டிக்கு முள் அசைய ஒன்றும் இல்லை. வாள் வருவது தெரியாமலே கழுத்து போகிறது. சாதாரண அரக்கனாக இருந்தால் கதை அங்கே முடிந்திருக்கும். இவன் தலையில்லாமல் சண்டை போடுகிறான். தலை போன உடம்பு குத்துகிறது, மிதிக்கிறது, கழுத்தைத் திரும்ப முளைக்க வைக்கப் பார்க்கிறது. முன்பாதி வாக்கு மட்டும் எஞ்சினால் எப்படி இருக்கும் என்பதற்கு இதைவிட நேரடியான படம் வேண்டுமா? பலசாலியாக வேண்டும், பலசாலியாக வேண்டும். யாருக்காக என்று கேட்க தலையே இல்லை.

தஞ்சிரோவின் கையில் பிடிமானம் போய்விட்டது. வாள் நழுவிவிடுகிறது. வேறு வழியில்லாமல் முஷ்டியால் ஒரு குத்து விடுகிறான். வாள்வீரன் ஒருவன் வெறுங்கையால் கொடுத்த ஒரு குத்து. அது கெய்ஸோ அன்று பையனுக்குக் கொடுத்த அடியாக வந்து விழுகிறது. சண்டைக் கலைஞனுக்கு மருந்தும் அடியாகத்தான் வர வேண்டியிருக்கிறது. யாராவது வந்து நியாயம் பேசி அவனைத் திருத்தியிருந்தால் நானும் உங்களோடு சேர்ந்து ஏமாற்று வேலை என்றிருப்பேன்.

நினைவு வந்ததும் அவன் செய்வதைக் கவனியுங்கள். விஷம் வைத்தவர்களைத் திட்டுவதில்லை. முஸானைத் திட்டுவதில்லை. பலவீனர்களை ஏன் வெறுத்தேன் என்று அவனுக்கே அப்போதுதான் பிடிபடுகிறது. பலவீனன் நேரே மோதாமல் கிணற்றில் விஷம் வைப்பான், சரி. ஆனால் பலவீனனுக்குப் பொறுமையும் கிடையாது, சட்டென்று எல்லாம் போகட்டும் என்று விட்டுவிடுவான், காக்கும் கையால் ஆளைக் கொல்வான், ஆசானின் கலையை ரத்தத்தில் தோய்ப்பான், அப்பாவின் கடைசிச் சொல்லையும் காப்பாற்றமாட்டான். பட்டியல் பக்கத்து வீட்டுக்காரனில் தொடங்கி அவன் மேலேயே வந்து முடிகிறது. கொல்ல நினைத்த ஆள் இத்தனை வருஷமும் தான்தான். தன் கடைசி அடியைத் தன் மேலேயே போட்டுக்கொள்கிறான், தஞ்சிரோவைப் பார்த்து ஒரு சிரிப்போடு.

அப்போதும் முஸானின் குரல் விடுவதாக இல்லை, இன்னும் பலசாலியாக வேண்டாமா என்று இழுக்கிறது. உடம்பு ஒரு கணம் அதன் பக்கம் சாய்கிறது. கொயுகி வந்து முகத்தைப் பிடித்துத் திருப்பி, போதும், நன்றி என்கிறாள். காப்பாற்ற முடியவில்லை மன்னித்துவிடு, மன்னித்துவிடு என்று அவன் அவளைக் கட்டிக்கொண்டு குழந்தை மாதிரி அழுகிறான். நோயில் கிடப்பவர்கள் ஏன் எப்போதும் மன்னிப்பே கேட்கிறார்கள் என்று யோசித்த பையன்தான். பதிலுக்கு அவள் சொல்வது, வீட்டுக்குத் திரும்பிய கணவனுக்கு ஜப்பானிய மனைவி தினமும் சொல்லும் வார்த்தை.

எனக்கும் ஒரு குறை உண்டு, மறைக்கவில்லை. படமாகப் பார்க்கும்போது இந்த ஃபிளாஷ்பேக் நீளம். 155 நிமிஷப் படத்தில், உச்சச் சண்டையை நடுவில் நிறுத்திவிட்டு இவ்வளவு நேரம் பழைய கதை ஓடினால் பின் வரிசையில் செல்போன் வெளிச்சம் தெரியத்தான் செய்யும். மங்காவில் நம் வேகத்துக்குப் பக்கம் புரட்டலாம், தியேட்டரில் முடியாது. யூஃபோடேபிள் ஸ்டூடியோ ஆட்கள் சண்டைக்குக் காட்டிய கைவண்ணத்தில் கொஞ்சம் வெட்டும் கத்திரிக்கும் கொடுத்திருக்கலாம். ஆனால் அந்த நோயாளி அறைக் காட்சிகளில் கை வைத்திருந்தால் நான் சண்டைக்குப் போயிருப்பேன்.

இனி உங்கள் முதல் கேள்வி. வில்லன் நல்லவனாகி விடுவானா? ஆகவில்லை. கதையும் அப்படிச் சொல்லவில்லை. கியூ என்ற வாள்வீரன் அந்தச் சண்டை முழுக்கத் தஞ்சிரோவின் பக்கத்தில் நிற்பதை நினைத்துப் பாருங்கள். குடும்பமே வெட்டிப் போடப்பட்டு, பனியில் மண்டியிட்டுக் கதறிய தஞ்சிரோவின் முன்னால் முதல் நாள் வந்து நின்றவன் அதே கியூதான். உன் உயிரை அடுத்தவன் கையில் கொடுக்காதே என்று உறுமி எழுப்பிவிட்டவன். ஹகுஜியின் முன்னால் அப்படி வந்து நின்றது முஸான். தஞ்சிரோவுக்கு ஒரு தங்கை மிச்சமிருந்தாள், இவனுக்கு யாரும் இல்லை. இந்த வித்தியாசம் அவன் மேல் இரக்கப்படக் காரணம்தான். ஆனால் அதற்குள் அவன் 67 பேரைக் கொன்றிருந்தான், பிறகு நூறு வருஷம் கொன்றுகொண்டே இருந்தான், ரெங்கோகு திரும்பி வரப்போவதில்லை. தியேட்டரில் அழுதவர்கள் அவனை மன்னித்துவிட்டார்கள் என்று நான் நினைக்கவில்லை. அடுத்த வருஷம் பாலம் வரை தூக்கிப் போகிறேன் என்று சொன்ன பையனுக்காக அழுதார்கள்.

தம்பி அழவில்லை. படம் விட்டு பைக் நிறுத்திய இடம் வரை ஒன்றும் பேசாமல் வந்தான். ஹெல்மெட்டை மாட்டப் போனவன் நிறுத்திக் கேட்டான்: "அண்ணா, அந்த 67 பேர்ல எத்தனை பேருக்குக் கிணத்து விஷயம் தெரிஞ்சிருக்கும்?"

எனக்குப் பதில் தெரியவில்லை. கதையில் ஒரு சின்னத் தகவல் வருகிறது, அதைத்தான் சொன்னேன். அந்தக் கொலைகளைப் பற்றி அரசாங்கம் எழுதி வைத்த பதிவு ஒன்று இருந்ததாம். ஒற்றை ஆள் வெறுங்கையால் 67 பேரைக் கொன்றான் என்பதை நம்ப முடியாமல், யாரோ கட்டிவிட்ட கதை என்று 30 வருஷம் கழித்து அதைத் தூக்கிப் போட்டுவிட்டார்கள்.